‘சேல்’ என்று எழுதியவள்

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிற அறைதான் ஷெரினின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரெல்லாம் மாதிரிக்கு ஒட்டிய பிளக்ஸ் துண்டுகள். ஊருக்குள் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது அந்தப் படிக்குக் கீழே வந்துதான் எழுத்தாகும். காதுகுத்து, பிள்ளைகள் முதல்தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கல்யாணம், திருவிழா, கடைசியாகக் கண்ணீர் அஞ்சலி. ஷெரின் அதையெல்லாம் வடிவமைத்து ராமநாதபுரத்துக்கு அனுப்புவாள். அங்கே பெரிய மெஷினில் அச்சாகி, சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் ஏறி வந்து சேரும்.

அவள் புருஷன் ஆன்டனி ராஜ் குவைத்தில் ஏசி மெக்கானிக். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்த்து ஒன்றைத்தான் சொல்வான்: “ஒனக்குக் கைய விட வாய் வேகம். வாயவிட மூளை வேகம். அதான் ஒரு வேலையும் முடிய மாட்டேங்குது.” அதில் பொய்யில்லை. ஷெரினுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடித்துக்கொண்டிருக்கிற சொல்லிலேயே நின்றுவிடுவாள். புதுநன்மை என்று அடிக்கும்போது, அப்படியானால் பழைய நன்மை எது என்று தோன்றும். கண்ணீர் அஞ்சலி என்று அடிக்கும்போது, அஞ்சலி என்றால் கைகூப்புவதாயிற்றே, கண்ணீரை எப்படிக் கூப்புவது என்று தோன்றும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர், “ஏத்தா, அடிக்கச் சொன்னா அடிக்காம என்னத்த யோசிச்சுக்கிட்டிருக்க?” என்று உலுக்கிவிட வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவள் ஒரு சொல்லில் வழுக்கி விழுந்தாள். அது நாலே எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்.

அன்றைக்குத் திருவிழா வேலை நெருக்கியடித்துக் கொண்டிருந்தது. சிலுவைமுத்து உள்ளே வந்தார். ஷெரினுக்குச் சித்தப்பா முறை. புதிதாகப் பைபர் படகு வாங்கிய பிறகு அவருடைய பழைய மரவள்ளம் கரையில் சும்மா கிடந்தது. அந்த வள்ளம் ஒரு காலத்தில் ஷெரினின் அய்யாவுடையது. அய்யா மஞ்சள்காமாலையில் இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷமே அவளுடைய அம்மா ஜோதிமேரி வள்ளத்தைச் சிலுவைமுத்துவிடம் விற்றுவிட்டாள்.

“வள்ளத்தைத் தள்ளிவிடணும்த்தா. இங்கிலீசுல ஒரு போர்டு போட்டுக் குடு” என்றார் சிலுவைமுத்து.

“எதுக்குச் சித்தப்பா இங்கிலீசுல?”

“நம்மாளு எவன் இதை வாங்கப் போறான்? இந்தக் கடக்கரை லாட்ஜுக்காரங்கதான் பழைய போட்ட வாங்கிட்டுப் போயி, அழகுக்கு நிப்பாட்டுறாங்களாமே. அவங்க கண்ணுல படணும்ல.”

ஷெரின் திருவிழாக் கொடியேற்றப் பிளக்ஸை ஓரம் தள்ளிவிட்டு, நீலத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘போட் ஃபார் சேல்’ என்று மூன்று சொல்லை வெள்ளையில் அடித்து, கீழே சித்தப்பாவின் செல் நம்பரைப் போட்டு அனுப்பினாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். போர்டு பஸ்ஸில் வந்தது. சிலுவைமுத்து அதை இரண்டு மூங்கிலில் கட்டி வள்ளத்தின் பக்கத்தில் நட்டார்.

சில நாள் கழித்து, காலை வெயில் ஏறுகிற நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

“ஷெரினு, கொஞ்சம் வண்டிய எடுத்துட்டு வாயேன். வாங்குறதுக்கு ஆள் வந்துருக்கு. புருஷன் பொண்டாட்டி. ஆனா என்னமோ ஒரு மாதிரியா இருக்காங்கத்தா. வள்ளத்துக்குள்ள ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குறாங்க.”

ஷெரின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். அங்கே கண்ட காட்சியை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். மணலில் கிடக்கிற வள்ளத்துக்குள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நடுத்தர வயசுத் தம்பதி ஒன்று கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர்ப் பாட்டில், எல்லாம் தயார். சிலுவைமுத்து வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பலகையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல மரம்த்தா, சொல்லு இவங்ககிட்ட. ‘ஹவ் லாங்’னு, எவ்வளவு நீளம்னு கேட்டாரு அந்த சாரு. இருபத்தெட்டு அடில்ல, ‘ட்வென்டி எய்ட்’டுன்னு இங்கிலீசுலயே சொன்னேன். ரொம்பச் சந்தோசமாயி ரெண்டு பேரும் ஏறிட்டாங்க.”

வந்தவர்கள் புனேக்காரர்கள். அந்த அம்மாள் ஷெரினிடம் ஆங்கிலத்தில் விசாரித்தாள். இருபத்தெட்டு நிமிஷம் கூட்டிப் போவதாகச் சொன்னாரே, எப்போது தள்ளுவார்? காற்றுக்கு விரிக்கிற பாய் எங்கே? பாயை எப்போது கட்டுவார்?

“சேல்?” என்று கேட்டு மேலே கையைக் காட்டினாள் அந்த அம்மாள்.

“சேல், சேல்!” என்று உற்சாகமாகத் தலையாட்டினார் சிலுவைமுத்து. “அதத்தான் காலையிலேர்ந்து நானும் சொல்றேன், அவங்களும் சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் பேசுறோம், ஆனா வியாபாரம் மட்டும் நகர மாட்டேங்குது.”

ஷெரின் திரும்பிப் போர்டைப் பார்த்தாள். எஸ், ஏ, எல், இ என்று இருக்க வேண்டிய இடத்தில் எஸ், ஏ, ஐ, எல் என்று கொட்டை எழுத்தில் நின்றது. விற்பனைக்கு என்று எழுத வேண்டியவள் பாய் விரிப்பதற்கு என்று எழுதிவிட்டாள். அவளுக்கு வித்தியாசம் தெரியாமலில்லை. வள்ளம் என்றதும் அவள் மனசுக்குள் வந்து நின்றது, சின்ன வயசில் கரையிலிருந்து பார்த்த அய்யாவின் வள்ளம். அப்போது அதற்குப் பாய் இருந்தது. விரல் மனசைக் கேட்டுக்கொண்டு அடித்துவிட்டது போலிருக்கிறது.

அவள் திக்கித் திணறி விளக்கினாள். புனேக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலியில்லாத சிரிப்புத்தான். இறங்கி, சிலுவைமுத்துவின் தோளில் கைபோட்டு, போர்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“என்னத்தா எழுதி வச்சுருக்க?” என்றார் சித்தப்பா அவர்கள் போன பிறகு.

“விக்கிறதுக்குன்னு எழுதாம பாய்க்குன்னு எழுதிட்டேன் சித்தப்பா. ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணுதான். எழுத்துத்தான் வேற.”

சிலுவைமுத்து வள்ளத்தை ஒருமுறை பார்த்தார். “இதுக்குப் பாயக் கழட்டி எஞ்சின் மாட்டி எத்தன வருசமாச்சு! பாயே இல்லாத வள்ளத்துக்கு எதுக்குத்தா பாய் போர்டு?” என்று கேட்டுவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். ஷெரினுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எழுத்துத்தான் அவள் தொழில். டீக்கடைக்காரர் டீயில் உப்புப் போட்டால் எப்படி இருக்கும்?

போட்டோ எப்படியோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், “சேல் அக்கா, ஒரு ஜெராக்ஸ்” என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, ‘பரவாயில்லை, கஷ்டமான வார்த்தைதான்’ என்று ஆறுதல் சொன்னாள். கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினாள். முதலில் கோபத்தில்தான் தேடினாள். ஒரே சத்தத்துக்கு எதற்கு இரண்டு எழுத்து? எவன் வைத்த வேலை இது? பாயைக் குறிக்கிற சொல், வெட்டியெடுத்த துணி என்ற பொருளில் பிறந்திருக்கலாம், உறுதியில்லை என்று போட்டிருந்தது. சரி. விற்பனையைக் குறிக்கிற சொல், வடக்கேயிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேச்சோடு இங்கிலாந்துக்கு வந்தது. அதற்கு உடன்பிறப்பு, ‘விற்பது’ என்பதற்கான ‘செல்’ என்கிற வினைச்சொல். அதன் பழைய வடிவம் செல்லன்.

ஷெரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செல்லனா? அவளோடு படித்த ஒருவனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதென்ன, இங்கிலீஷ்காரன் வீட்டிலும் ஒரு செல்லனா?

கீழே அதன் பொருள் இருந்தது. அதை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் விற்பது அல்ல. கொடுப்பது. கையில் ஒப்படைப்பது. தானம் கொடுத்தாலும் அதே சொல். வாக்குக் கொடுத்தாலும் அதே சொல். ஓர் ஆளைப் பிடித்து எதிரியிடம் ஒப்படைத்தாலும் அதே சொல். பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பது என்ற அர்த்தம் மெல்ல மெல்ல ஏறி, மற்ற எல்லா அர்த்தத்தையும் வெளியே தள்ளிவிட்டு, வீட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டது.

நம்ப முடியாமல் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. கூடவே ஒரு உதாரணமும் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ் ஜனங்கள் கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தைச் சொல்லும்போது, அன்றாட உணவைக் கேட்கிற இடத்தில் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்களாம்.

ஷெரின் தினமும் அந்த ஜெபத்தைச் சொல்கிறவள். அந்த இடத்தில் ‘தாரும்’ என்று வரும். தாரும் என்ற இடத்தில், இன்றைக்கு விற்பது என்று அர்த்தமாகிற சொல்லை வைத்துக்கொண்டு, ஒரு கோயில் நிறைய ஜனம் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறது. “ஆண்டவரே, இன்னைக்கு எங்களுக்கு வித்தருளும்” என்று அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஜெராக்ஸுக்கு வந்து நின்றவர் பயந்துபோய், “என்னத்தா, கடைய விக்கப் போறியா?” என்று கேட்டார்.

அதோடு கோபம் போயிற்று. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கொடுப்பது எப்போது விற்பதாக மாறியது? எந்தச் சந்தையில், எவன் முதலில் கையை நீட்டிக் காசு கேட்டான்? தமிழில் எப்படி?

தமிழில் எப்படி என்று கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. ஜோதிமேரி புருஷன் செத்த பிறகு, கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், உச்சிப்புளித் தெருக்களில் வருஷக்கணக்கில் விற்று, மகளைப் படிக்க வைத்தவள். இப்போது முழங்கால் வலிக்கிறது என்று வீட்டோடு இருக்கிறாள். சாயங்காலம் ஷெரின் வீட்டுக்குப் போனபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மீன் விக்கப் போவியே, தெருவுல என்ன சொல்லிக் கூப்பிடுவ?”

“மீனு வாங்கலையா மீனுன்னு கூப்பிடுவேன். வேற என்னன்னு கூப்பிடுவாக?”

“வாங்குறது அவங்கள்ல. நீ விக்கிறவதானே. மீன் விக்கிறேன்னு ஒரு நாளாவது கத்திருக்கியா?”

ஜோதிமேரி கையிலிருந்த கொத்தை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். “அப்படி எவளாவது கத்துவாளா, கூறுகெட்டவளே.”

“சரி, வாசல்ல நின்னு என்ன சொல்லுவ?”

“பாரை கொண்டாந்துருக்கேன், நல்லாருக்கு, எடுத்துக்கங்கம்பேன். அவங்க, அரைக்கிலோ குடுத்தாம்பாங்க. குடுத்துட்டு வருவேன்.”

கொண்டுவருவது, எடுத்துக்கொள்வது, கொடுப்பது. அத்தனை வருஷ வியாபாரத்தில் விற்பது என்ற சொல் வாசலுக்கே வரவில்லை.

“அப்ப விக்கிறதுங்கிற வார்த்தைய எப்பத்தாம்மா சொல்லுவ?”

ஜோதிமேரி கொஞ்சம் யோசித்தாள். “விக்காதப்பத்தான். பஸ்ஸுல திரும்பி வாரப்ப, இன்னைக்கு விக்கலடின்னு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிருவோம். வித்துருச்சுன்னா அதப் பத்தி யாரு பேசுறா? வீட்டுக்குப் போயி என்ன கொழம்பு வைக்கன்னுல பேச்சு வரும்.”

சொல்லிவிட்டுக் கீரையை உருவினாள். பிறகு, கேட்காமலே, குரல் மாறாமல் தொடர்ந்தாள்.

“ஒங்கய்யா வள்ளத்தச் சிலுவைக்குக் கைமாத்துன அன்னைக்கு, நான் தண்ணி எடுக்கப் போனேன். அங்கன நின்ன பொம்பளைங்க பூராம் கேட்டாக. ‘ஜோதி, வள்ளத்தக் குடுத்துட்டியாமே.’ ஆமா, குடுத்துட்டேன்னு சொன்னேன். வித்துட்டியான்னு ஒருத்தி கேக்கல பாத்துக்க. கேட்டுருந்தா நான் அங்கனயே ஒக்காந்து அழுதுருப்பேன். தண்ணியோட வீட்டுக்கு வந்து சேந்தேன்னா அதுக்கு அந்தப் பொம்பளைங்கதான் காரணம்.”

ஷெரின் ஒரு கொத்தை எடுத்துத் தானும் கீரை உருவ ஆரம்பித்தாள். இங்கிலீஷ்காரர்கள் எங்கேயோ தொலைத்துவிட்ட அர்த்தத்தை, இந்தக் கரையில் பெண்கள் தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்து அல்ல. எதிரே நிற்கிறவள் தாங்குவாளா என்று பார்த்து. அம்மாவிடம் அந்த ஜெபத்து விஷயத்தைச் சொன்னாள். ஜோதிமேரி சிலுவை போட்டுக்கொண்டு, “ஆண்டவர் குடுக்குறதுக்கு எவன் வெல போடுறது!” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் மறுபடியும் சித்தப்பாவின் போன் வந்தது. இந்தத் தடவை வந்திருந்தது பிரபு என்ற ஆள். உச்சிப்புளிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு கடற்கரை விடுதியின் மேனேஜர். யாரோ அனுப்பிய போட்டோவில் அந்தப் போர்டைப் பார்த்துச் சிரித்து, அதன் பின்னால் நின்ற வள்ளத்தைப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டு நேரே வந்துவிட்டான். உணவுக் கூடத்தில் வள்ளத்தை வைத்து, மேலே கண்ணாடி போட்டு, நீளமேசையாக்கப் போகிறானாம்.

பேச்சு சீக்கிரமே முடிந்தது. கடைசியாகப் பிரபு, “அந்த போர்டையும் சேத்துக் குடுத்துருங்க சார். அதுதான் சூப்பரா இருக்கு, மேசைக்கு மேல தொங்க விட்ருவோம்” என்றான்.

சிலுவைமுத்து ஷெரினைப் பார்த்தார். ஷெரின், “அது மட்டும் முடியாது” என்றாள். பிரபு விலை கேட்டான். அவள் அசையவில்லை. அந்தப் பிளக்ஸ் இப்போது கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு மழைச்சாரல் படாமல் மூடுகிற துணி. எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மடித்துப் போட்டிருக்கிறாள்.

லாரி வந்த அன்று ஜோதிமேரியும் கரைக்கு வந்துவிட்டாள். முழங்கால் வலியோடு ஏன் மணலில் நடந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்கள் உருளைக்கட்டை கொடுத்து வள்ளத்தைத் தள்ளி ஏற்றினார்கள். ஜோதிமேரி பிரபுவின் பக்கத்தில் போய் நின்று, உப்புத்தண்ணி படாத மரத்தில் சீக்கிரம் கரையான் ஏறும், அடியில் எண்ணெய் போடணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது போடணும் என்று விளக்கிச் சொன்னாள். அவன் போனில் குறித்துக்கொண்டான். பிறகு யாரிடமோ போனில், “ஆமா சார், சேல் முடிஞ்சுருச்சு” என்றான்.

அந்த நேரம் பார்த்து, வலைக்கூடத்துப் பக்கமிருந்து நடந்து வந்த மீனம்மாள் என்ற கிழவி நின்று, லாரியைப் பார்த்து, “என்ன சிலுவை, வள்ளத்தக் குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

சிலுவைமுத்து வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜோதிமேரி பதில் சொன்னாள். “ஆமாத்தா. குடுத்தாச்சு.”

வள்ளம் அவளுடையதில்லை. அவள் கையைவிட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பதிலை அவள் சொன்னது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. சிலுவைமுத்துகூடத் தலையை ஆட்டிக்கொண்டார். ஷெரின் மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அழுகை இல்லை. எண்ணெய் போடுவார்களா மாட்டார்களா என்ற கவலை மட்டும் கொஞ்சம் இருந்தது.

இதெல்லாம் முடிந்து, ‘சேல் அக்கா’ என்ற பேரும் ஊரில் சலித்துப்போன ஒரு வெள்ளிக்கிழமை. பனைக்குளத்திலிருந்து அப்துல் ஹமீது என்பவர் கடைக்கு வந்தார். பள்ளிவாசல் பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைக்கப் போகிறார். அலமாரியில் ஒட்டுவதற்குச் சின்னச் சின்ன அட்டைகள் வேண்டுமாம். ஷெரின் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தாள். புத்தகங்களுக்கு விலை, தொப்பிக்கு விலை, அத்தருக்கு விலை. குர்ஆன் வைக்கிற தட்டு வந்தது. அவள் பழக்கத்தில் ‘விலை’ என்று அடித்தாள்.

“அதுல மட்டும் விலைன்னு போட வேணாம்மா” என்றார் அவர். “ஹதியான்னு போடுங்க.”

“அப்படின்னா என்ன பாய்?”

“அன்பளிப்பு. அல்லாவோட வேதத்துக்கு நாம விலை சொல்லக்கூடாதுல்ல. காசு வாங்கத்தான் செய்வோம். ஆனா வித்தோம்னு சொல்றதில்ல.”

ஷெரின் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“கொஞ்சம் உக்காருங்க பாய், டீ சொல்றேன்” என்றாள். “இந்த வார்த்த எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்க.”

“அதச் சொன்னா நேரமாகும்மா. அட்டை இன்னைக்கே வேணும்.”

“அட்டை எங்க போயிறப்போகுது. நீங்க உக்காருங்க.”

அப்துல் ஹமீது கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்ஆ தொழுகைக்கு நேரம் இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.